தாய்மாமன் மடி

நான் கருவாடு விற்க ஆரம்பித்தது அதன் வாடைக்காகத்தான். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

புரோஸ்டேட் சுரப்பியில் புற்று என்று சொல்லி, புதுச்சேரிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டார்கள். புற்று போனது. மூத்திரத்தை நிறுத்தி வைக்கிற பிடியும் அதோடு போனது. படுத்திருக்கும்போது தொந்தரவு இல்லை. எழுந்தால், இருமினால், மூட்டையைத் தூக்கினால், யாராவது ஒரு நல்ல வேடிக்கை சொல்லிச் சிரித்தால்கூட, வாஷர் தேய்ந்த குழாய் மாதிரி ஒழுகும். கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றார்கள். இடுப்புக்குக் கீழே இறுக்கிப் பிடித்து விடுகிற பயிற்சி ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும், டீக்கடையில் நிற்கும்போதும் செய்தேன். மற்றவர்களுக்குச் சரியாகியிருக்கலாம். எனக்கு ஆகவில்லை.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒரு இடத்தில் எனக்குக் கால் தரிக்காது. லாரியில் கிளீனராகப் போனேன், பெங்களூரில் பரோட்டா போட்டேன், செங்கல் சூளையில் இருந்தேன், போர்வெல் வண்டியோடு ஆந்திராவும் கர்நாடகாவும் சுற்றினேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எந்த ஊரிலும் போய்ப் படுத்துக்கொள்வேன். அதற்குத் தேவை ஒன்றே ஒன்றுதான், பக்கத்தில் படுக்கிறவன் மூக்கைச் சுளிக்கக் கூடாது. ஒழுக ஆரம்பித்த பிறகு அது போய்விட்டது. போர்வெல் வண்டியில் கூட இருந்தவர்கள் என் போர்வையைத் தனியாக வைத்தார்கள். நானே வேலையை விட்டு நின்றுகொண்டேன்.

திண்டிவனத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்தேன். மரக்காணம் பக்கத்துக் குப்பத்தில் கருவாடு காயவைக்கிற ஒரு அம்மாவிடம் நெத்திலி, வாளை, காரப்பொடி மீன் எல்லாம் வாங்கி, பழைய மொபெட்டில் கட்டிக்கொண்டு மயிலம், விழுப்புரம், அந்தப் பக்கம் முகையூர் வரை ஊர் ஊராகப் போனேன். கருவாட்டுக்காரனை யாரும் பக்கத்தில் உட்காரச் சொல்ல மாட்டார்கள். அவன் மேல் என்ன வாடை வந்தாலும் அது கருவாடுதான். எனக்கு அது வசதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமைகளில்தான் கஷ்டம். வெள்ளி, கிருத்திகை, அமாவாசை என்றால் யாரும் கருவாடு வாங்க மாட்டார்கள். புரட்டாசியில் மாதம் முழுக்கவே கூடையைத் திறக்க முடியாது. அந்த நாட்களில் என்னை மறைக்க ஒன்றும் இல்லை. குளித்துத் துவைத்த லுங்கியைக் கட்டிக்கொண்டு அறையிலேயே கிடப்பேன். நல்ல நாள், விசேஷம் என்றாலும் கருவாட்டு வாடையோடு போக முடியாது. அதனால் எந்த விசேஷத்துக்கும் நான் போனதில்லை.

மெடிக்கலில் பெரியவர்களுக்கான டயப்பர் வாங்கும்போது கடைக்காரர் கேட்டார், உங்கப்பாவுக்கா என்று. ஆமாம் என்றேன். அப்பா செத்து ரொம்ப காலம் ஆகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அவர் அக்கறையாக விசாரிப்பார். அப்பா எழுந்து உட்காருகிறாரா, சாப்பிடுகிறாரா என்று. நானும் ஏதாவது சொல்லிவிட்டு வருவேன்.

எனக்கு ஒரே தங்கை. முகையூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். அவளுக்கு ஒரே மகள், மாப்பிள்ளை வீட்டோடு இருக்கிறார். அந்த மகளுக்கு ஒரு பெண் குழந்தை. குழந்தைக்கு மூன்று வயது ஆனதும் குலதெய்வம் கோயிலில் மொட்டை அடித்துக் காது குத்த வேண்டும் என்று முடிவு செய்தார்கள். எங்கள் பக்கத்தில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் மொட்டை அடிப்பார்கள், காது குத்துவார்கள். தங்கை மகளுக்குக் கூடப் பிறந்தவன் இல்லை. அப்படி இல்லாத வீட்டில் அம்மாவுடைய தாய்மாமன் உட்கார வேண்டும். அது நான்தான்.

தங்கை போன் செய்தாள். நான் ஏதோ வேலை என்றேன். மறுபடியும் செய்தாள். உடம்பு சரியில்லை என்றேன். கூட்டமாக இருக்கிற இடத்தில், எல்லோரும் சுற்றி நின்று பார்க்கும்போது, உதைத்து அழுகிற குழந்தையை மடியில் பிடித்துக்கொண்டு நான் எப்படி உட்காருவேன். யாராவது ஒரு பங்காளி வீட்டுப் பையனை உட்காரவைத்துவிடு என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள். அப்புறம் நேராக திண்டிவனத்துக்கே வந்து நின்றாள். அறைக்குள் வரவிடாமல் நான் வாசலில் நின்று பேசினேன். அதையும் அவள் கவனித்தாள்.

"சீரு செய்யணும்னு பயந்துகினு வராம கீறியா? ஒரு முழம் துணி கூட வேணாம். மடிய மட்டும் எடுத்துக்கினு வா, போதும்."

நான் பின்னால் கதவை இழுத்துச் சாத்தினேன்.

"நெலத்த வித்துட்டியாமே. ஊரே சொல்லுது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? இன்னா பண்ண அந்தத் துட்ட?"

முகையூர் பக்கம் என் பங்குக்கு வந்த துண்டு நிலம் அது. குத்தகைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுக்கொண்டிருந்தவரே வாங்கிக்கொண்டார். அந்த நிலம் கடைசியில் இந்தக் குழந்தைக்குத்தான் வரும் என்று தங்கை நினைத்திருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அந்தப் பணத்தை அதற்குள் ஒரு ஆபரேஷனுக்காகச் சென்னை ஆஸ்பத்திரியில் கட்டிவிட்டேன்.

சென்னையில் ஒரு டாக்டரை எனக்குக் காட்டிக் கொடுத்தது புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு நர்ஸ் அம்மாதான். அந்த டாக்டர் பொறுமையானவர். ஒழுக்கு குறைவாக இருந்தால் உள்ளே ஒரு வலை நாடாவை வைத்து மூத்திரக் குழாயைத் தூக்கிக் கொடுத்தாலே போதும் என்றார். ஒரு நாள் முழுக்க நான் நனைத்த டயப்பர்களை எடை போட்டுப் பார்த்துவிட்டு, உங்களுக்கு அது தாங்காது, கருவிதான் வைக்க வேண்டும் என்றார். மேசை மேல் ஒரு மாதிரியை எடுத்து வைத்தார். மூத்திரக் குழாயைச் சுற்றிக் கட்டுகிற சின்னப் பட்டை ஒன்று. வயிற்றுக்குள் வைக்கிற சின்ன பலூன் ஒன்று. விதைப்பைக்குள் வைக்கிற பம்பு ஒன்று. மூன்றையும் மெல்லிய குழாய்கள் இணைக்கின்றன. உள்ளே உப்புத் தண்ணீர். பட்டையில் தண்ணீர் நிரம்பியிருக்கும்வரை அது குழாயை அழுத்திப் பிடித்திருக்கும், ஒழுகாது. ஒன்றுக்குப் போக வேண்டுமானால் பம்பை விரலால் சில தடவை அமுக்க வேண்டும். தண்ணீர் பலூனுக்குப் போகும், பட்டை தளரும். போய் முடித்ததும் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தானாகவே திரும்பி வந்து மூடிக்கொள்ளும்.

என்னையே அமுக்கிப் பார்க்கச் சொன்னார். விரல்கள் நன்றாக வேலை செய்கின்றனவா என்று பார்த்தார். விரல் மரத்துப்போனவர்களுக்கு இதை வைக்க முடியாதாம். பரோட்டா போட்ட கை, அமுக்கியது.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தவுடன் நான் செய்த காரியம் தங்கைக்குப் போன் செய்ததுதான். காதுகுத்துக்கு நாள் பார், நான் உட்காருகிறேன் என்றேன். அவள் சந்தோஷப்பட்டாளா என்று தெரியவில்லை, சரி என்றாள். ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் தாண்டி ஒரு நாள் பார்த்தார்கள். அந்த மாதத்தில் வேறு முகூர்த்தம் சரிப்படவில்லை.

போர்வெல் வேலையில் மோட்டாரை இறக்கினால் அன்றைக்கே ஸ்விட்ச் போட்டுப் பார்ப்போம். தண்ணீர் வந்தால்தான் அந்த இடத்தைவிட்டு நகருவோம். எனக்குத் தெரிந்த பம்பு அதுதான். என் உடம்புக்குள் வைக்கிற பம்பையும் வைத்தவுடனே போட்டுவிடுவார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து மறுநாள் மூத்திர டியூபை எடுத்த பிறகு டாக்டர் வந்தார். எல்லாம் நல்லபடியாக வைத்தாகிவிட்டது, உள்ளே புண் ஆற வேண்டும், அதுவரை கருவியைத் திறந்த நிலையில் பூட்டி வைத்திருக்கிறேன், ஆறு வாரம் கழித்து வாருங்கள், அன்றைக்குத்தான் போட வேண்டும் என்றார். அதுவரைக்கும் ஒழுகுமா என்று கேட்டேன். முன்னே மாதிரிதான் ஒழுகும் என்றார். அதற்குள் தங்கை பத்திரிகை அடித்து விழுப்புரம்வரை கொடுத்து முடித்திருந்தாள். பத்திரிகையில் தாய்மாமன் என்று போட்டு என் பெயர் இருந்தது.

திண்டிவனம் அறையில் படுத்துக்கொண்டு யோசித்தேன். போகாமல் இருக்கலாம். போகவில்லை என்றால் இனி அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது. எனக்கு இருக்கிற ஒரே வாசல் அதுதான். போவது என்று முடிவு செய்தேன்.

விசேஷத்தன்று காலையில் இருந்து தண்ணீர் குடிக்கவில்லை. பஸ்ஸில் சீட் இருந்தும் விழுப்புரம்வரை நின்றுகொண்டே வந்தேன். தையல் போட்ட இடம் இழுத்தது. தடித்த டயப்பர் வேட்டிக்குள் புடைத்துத் தெரிந்ததாலும், வீக்கத்தின் மேல் உரசி எரிந்ததாலும், மெல்லியதாக ஒன்றை வைத்து மேலே இறுக்கமாக ஒரு டிராயரைப் போட்டிருந்தேன்.

கோயில் மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நடுவில். ஒரு வேப்பமரம், ஒரு சின்ன மதில், அவ்வளவுதான். பக்கத்துக் கொல்லையில் அடுப்பு மூட்டியிருந்தார்கள். குழந்தையை என் மடியில் உட்காரவைத்தார்கள். அவளுக்கு என்னைச் சரியாகத் தெரியாது. திரும்பித் திரும்பிப் பார்த்தாள். முடிவெட்டுகிறவர் சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றி நனைத்தார். தண்ணீர் அவள் முதுகு வழியாக என் வேட்டியிலும் இறங்கியது. எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. இனி எவ்வளவு நனைந்தாலும் அது சொம்புத் தண்ணீர்தான் என்று நினைத்தேன்.

மொட்டை முடிந்ததும் குளிப்பாட்டக் கொண்டுபோனார்கள். அந்த நேரத்தில் எனக்குப் புது வேட்டி கொடுத்து மாற்றிக்கொண்டு வரச் சொன்னாள் தங்கை. நனைந்ததோடு உட்காரக் கூடாதாம். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. காய்ந்த வெள்ளை வேட்டியோடு மறுபடி உட்கார்ந்தேன். குழந்தைக்குப் புதுப் பட்டுப் பாவாடை, தலையில் சந்தனம். காது குத்துகிற பத்தர் கம்பியோடு எதிரில் வந்து உட்கார்ந்தார். அதைப் பார்த்ததும் குழந்தை துள்ளினாள். அசையாமல் பிடிங்க என்றார் பத்தர். இரண்டு கையாலும் அணைத்து, என் அடிவயிற்றை இறுக்கிப் பிடித்தேன். அவள் உதைத்த உதை தையலில் பட்டது. முதல் காதிலேயே சூடாக இறங்கிவிட்டது. நிறுத்துவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. இரண்டாவது காது முடிகிறவரை அப்படியே இருந்தேன்.

குழந்தையைத் தூக்கியபோது பாவாடையின் பின்பக்கம் நனைந்திருந்தது. என் வேட்டியும்தான். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். மாமன் மடியை நனைத்தால் நல்லதுதான் என்று ஒருத்தி சொன்னாள். குழந்தையின் அம்மாவுக்குப் புதுப் பட்டு போனதில் கோபம்.

"இப்பதான கூட்டிக்கினு போனேன் ஒண்ணுக்கு. கேட்டேன் இல்ல?"

"நான் போவல," என்றாள் குழந்தை. காதில் ரத்தம் பொட்டு வைத்த மாதிரி இருந்தது.

"பொய் வேற சொல்றியா நீ?" முதுகில் ஒரு அடி விழுந்தது.

"நான் போவல. அந்தத் தாத்தா."

எல்லோரும் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். குழந்தை என்னையே பார்த்துக்கொண்டு அழுதாள். அவள் அம்மா மறுபடியும் கையை ஓங்கினாள்.

"அடிக்காத. புள்ள போவல. நான்தான்," என்றேன்.

யாரும் நம்பவில்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை. மாமன் பாசத்தைப் பார் என்று ஒருவர் சொன்னார். "தாய்மாமன்னா இப்டிதான் இருக்கணும். பழிய தூக்கி தம்மேல போட்டுக்கிறாரு பாரு," என்றார் இன்னொருவர், வயதானவர், வெற்றிலையை மென்றுகொண்டே. அப்படியே விட்டிருக்கலாம். எழுந்து போய் வேட்டியை மாற்றியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும், பாசக்கார மாமன் என்ற பெயரும் கிடைத்திருக்கும். ஆனால் அந்தக் கூட்டத்தில் உண்மை தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவளுக்கு மூன்று வயது. அவள் சொன்னது நிஜம். இன்னும் அடி வாங்கப் போகிறாள்.

"பாசமெல்லாம் இல்லங்க. எனக்கு ஒண்ணுக்கு நிக்காது. ஆபரேஷன் பண்ணதுலேர்ந்து அப்டித்தான். டயப்பர் கட்டிக்கினுதான் திரியறேன். இன்னிக்கி தாங்கல."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. தங்கை மகள் ஓங்கிய கையை இறக்கிக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள். பூசாரி ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து நான் உட்கார்ந்திருந்த இடத்தில் தெளித்தார். அது அவர் வேலை. பத்தர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

தங்கை என் கையைப் பிடித்து மதிலுக்குப் பின்னால் கூட்டிப்போனாள். கொல்லையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் லுங்கியைக் கொடுத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். நான் கழுவிக்கொண்டு மாற்றினேன்.

"இதுக்காவத்தான் வூட்டுப் பக்கமே வராம இருந்தியா?"

"ஆமா."

"நெலம்?"

"கருவி வெச்சிருக்காங்க. அதுக்குத்தான் போச்சு. நெலம் இப்ப எனக்குள்ளதான் கீது."

"உள்ளன்னா எங்க?"

கையால் காட்டினேன். அவள் திரும்பிப் பார்த்தாள். முதலில் புரியவில்லை, அப்புறம் புரிந்தது. "அங்கயா," என்று சொல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஈர வேட்டியை என் கையிலிருந்து பிடுங்கி, அவளே மோட்டார் தண்ணீரில் அலசிப் பிழிந்தாள். வேண்டாம் என்று சொல்லப் பார்த்தேன். "அப்பா படுத்துக் கெடந்தப்ப நான் அலசல?" என்றாள்.

பந்தியில் என் பக்கத்து இலை கொஞ்ச நேரம் காலியாகவே இருந்தது. அப்புறம் மாப்பிள்ளை வந்து உட்கார்ந்து கறிக்குழம்புச் சோற்றைப் பிசைந்தார். என்னிடம் அவர் மொபெட் விலையைப் பற்றிப் பேசினார். நல்ல மனிதர். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சோர்வாக இருந்தது. ரொம்ப நாள் தூக்கிச் சுமந்த மூட்டையை இறக்கினால் லேசாக இருக்கும் என்பார்கள். எனக்கு இடுப்பு வலிதான் தெரிந்தது.

ஆறு வாரம் ஆன பிறகு சென்னைக்குத் தங்கையும் வந்தாள். டாக்டர் பம்பை ஒரு தடவை அழுத்தமாக அமுக்கிப் பூட்டை விடுவித்தார். வலித்தது. பிறகு நானே அமுக்கிப் பழகினேன். ஒன்றுக்குப் போனேன். காத்திருந்தேன். நின்றது. வெளியே வராந்தாவில் வேண்டுமென்றே இருமிப் பார்த்தேன், குனிந்து தங்கையின் பையைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். தூக்கம்தான் வந்தது.

டாக்டர் சில கட்டுப்பாடுகள் சொன்னார். வண்டி சீட்டில் நாள் முழுக்க உட்காரக் கூடாது, பட்டை வைத்த இடத்தில் அழுத்தும். அப்படியென்றால் மொபெட் வியாபாரம் இனி பழையபடி இல்லை, பாதி பஸ், பாதி நடை. கருவி எத்தனை வருஷம் வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, பழுதானால் மறுபடி திறக்க வேண்டியிருக்கும். இன்னொன்று, அதை இரண்டு தடவை சொன்னார். எங்கேயாவது அடிபட்டோ மயங்கியோ கிடந்தால் ஆஸ்பத்திரியில் மூத்திர டியூப் போடுவார்கள். கருவி மூடியிருக்கும்போது தெரியாமல் டியூபை ஏற்றினால் உள்ளே கிழிந்துவிடும். அதனால் உங்களைப் பற்றிச் சொல்லத் தெரிந்த ஆள் ஒருத்தராவது இருக்க வேண்டும் என்றார்.

இத்தனை வருஷம் நான் எப்படி இருக்கிறேன் என்றுகூட யாருக்கும் சொன்னதில்லை. இப்போது எனக்குள் இருப்பது என்ன என்று ஊரிலேயே பாதிப் பேருக்குத் தெரியும். தங்கை டாக்டரிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டாள். எதை அமுக்க வேண்டும், எதைப் போடக் கூடாது, யாருக்குச் சொல்ல வேண்டும் என்று. வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் கூட்டம், குரலைக் குறைக்கச் சொன்னேன். குறைக்கவில்லை.

அன்றைக்கு அவள் வீட்டுக்கே போனோம். குழந்தை வாசல் படியில் உட்கார்ந்து அவித்த மல்லாட்டை தின்றுகொண்டிருந்தாள். முடி கொஞ்சம் முளைத்திருந்தது, காது ஆறி, தோடு மின்னியது. நான் கீழே உட்கார்ந்து காலை மடித்து, வா என்றேன். அவள் என் லுங்கியைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"வேணாம்," என்றாள்.

"இனிமே ஒண்ணும் ஆவாது. காஞ்சிடுச்சு, பாரு."

தலையை ஆட்டினாள். ஒரு மல்லாட்டையை உடைத்து, பருப்பைத் தான் தின்றுவிட்டு, தோலை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். விடு அண்ணே, நாளைக்கு வருவாள் என்றாள் தங்கை உள்ளேயிருந்து. நாளைக்கு வெள்ளிக்கிழமை, வேலை இல்லை. இருக்கிறேன் என்றேன்.